சோதனைக்கு விரித்த சிறகு

மிருகமும் பறவையும் ஒரே பேச்சுப் பேசிய காலத்தில், தெற்கே கடலுக்கும் மேட்டு நிலத்துக்கும் நடுவே பெரிய சதுப்பு நிலம் ஒன்று இருந்தது. யாருக்கு எந்த இடம், யாருக்கு எந்தத் தீனி என்று அங்கே யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். நத்தைகுத்தி நாரைக்கு முழங்கால் அளவுத் தண்ணீரும் அதில் கிடக்கும் நத்தையும். இலைக்கோழிக்கு அல்லி இலையும் அதில் ஒட்டிய பூச்சியும். தாழைக்கோழிக்குக் கோரைக் கிழங்கு. நரிக்கு, தண்ணீர் வடிந்த சேற்றில் ஓடும் நண்டு.

ஆழத் தண்ணீர் மட்டும் முங்கிகளுடையது. நீர்க்காகம், பாம்புத்தாரா, நீர்நாய், இந்த மூவரும் முங்கி மீனைக் கலைப்பார்கள். கலைந்த மீனில் பாதி கரைப்பக்கம் ஓடும். அங்கே மடையானும் கொக்கும் கூழைக்கடாவும் காத்து நிற்கும். பாடு ஆழத்தில், சாப்பாடு கரையில். தண்ணீர் நிறைய இருந்தவரை அதை யாரும் குறையாகப் பேசியதில்லை.

ஒரு வருஷம் ஐப்பசி மழை பாதியில் நின்றுபோயிற்று. சதுப்பு நாளுக்கு நாள் சுருங்கி, கடைசியில் ஒரே ஒரு மடு மிஞ்சியது. அந்த மடுவின் கீழ்க்கோடியில், கோரை அடர்ந்த மூலையில், விரால் குஞ்சு பொரித்திருந்தது. குங்குமத்தைத் தண்ணீரில் கொட்டியதுபோலச் செக்கச்செவேலென்று குஞ்சுக்கூட்டம் திரண்டு திரண்டு நகரும். அடுத்த வருஷத்துச் சாப்பாடு மொத்தமும் அதுதான். சபை கூடியது. அந்த மூலையில் யாரும் வாய் வைக்கக் கூடாது, வைத்தால் சதுப்பை விட்டே வெளியேற வேண்டும் என்று முடிவாயிற்று.

சபைக்குத் தலைவர் கூழைக்கடா. உருவம் பெரிது, பேச்சு குறைவு. அதனால் எப்போதும் எல்லோருக்காகவும் யோசித்துக்கொண்டிருப்பவர் போலத் தெரிந்தார். தலைவராவதற்கு அது போதுமானதாக இருந்தது.

பத்தே நாளில் குஞ்சுக்கூட்டம் பாதியாகக் குறைந்தது.

மடுவின் கரையில் ஒரு கருவேல மரம். அதில்தான் காத்தாயி என்ற நீர்க்காகம் கூடு கட்டியிருந்தாள். மூன்று குஞ்சுகள், கண் திறந்து நான்கு நாள். அவள் புருஷன் வேறு தண்ணீர் தேடி வடக்கே போனவன், இன்னும் திரும்பவில்லை. விரால் குஞ்சு குறைகிறது என்ற பேச்சு காதில் விழுந்ததிலிருந்து அவள் முங்கி எழும்போதெல்லாம் கூட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். பழி தன்மேல் வந்தால் போக வேண்டியதுதான். அவள் பறந்துவிடுவாள், மூன்றும் பறக்குமா?

பயந்தது போலவே ஆயிற்று. சபையில் மடையான் எழுந்து, "நாங்க கரையில நிக்கிறவங்க. நாங்க என்ன திங்கிறோம்னு எல்லாரும் பாக்குறாங்க. தண்ணிக்கு அடியில நடக்கிறத யாரு கண்டா?" என்றது.

எல்லாக் கண்ணும் முங்கிகள் பக்கம் திரும்பின. காத்தாயி தன் கால்விரலைப் பார்த்தபடி நின்றாள்.

கூழைக்கடா தொண்டையைச் செருமினார். "யாரையும் குத்தம் சொல்லல. முங்கி எழுந்தா கரைக்கு வந்து சிறகைத் தூக்கிக் காட்டணும், உடம்பைத் திருப்பிக் காட்டணும். மழை வர்ற வரைக்குந்தான்."

நீர்நாய் சடையன் பின்வரிசையிலிருந்து கேட்டான்: "ஒரு சந்தேகம் தலைவரே. இந்தச் சபையிலயே வாயில பை வச்சிருக்கிறவர் ஒருத்தர்தான். அவருக்கும் சோதனை உண்டா?"

நாமக்கோழிகள் கொல்லென்று சிரித்தன. தலைவர் திரும்பிப் பார்த்ததும் பாசியைக் கொத்துவதுபோலக் குனிந்துகொண்டன.

"இது சபைக்காகப் பேசுற வாய், சடையா. இதைச் சோதிச்சா சபையைச் சோதிச்ச மாதிரி" என்றார் தலைவர்.

கூட்டம் கலைந்ததும் சடையன் மற்ற இரண்டு முங்கிகளையும் கோரைக்குப் பின்னால் கூப்பிட்டான்.

"மூணு நாள் யாரும் முங்காம இருப்போம். நாம கலைக்காம இவங்க வாய்க்கு ஒரு கெண்டை வருமா? நாலாம் நாள் சோதனையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, தங்கச்சி வாம்மானு கூப்பிடுவாங்க."

"மூணு நாள் என் புள்ளைங்க என்னத்தைத் திங்கும் அண்ணே?" என்றாள் காத்தாயி.

"நான் நண்டு பிடிச்சுத் தர்றேன்."

"நண்டு உன் குட்டிங்க கடிச்சுத் தின்னும். என் புள்ளைங்களுக்குப் பல்லா இருக்கு?"

சடையன் கொஞ்சம் யோசித்தான். "உப்பங்கழியில மடவை மீன் இருக்கு. தூரந்தான். நான் போய்ட்டு வர உச்சி ஆயிடும். அது வரைக்கும் பொறுத்துக்க. நீ விரிச்சா தாராவும் விரிக்கணும், அவன் விரிச்சா என்னையும் கேப்பாங்க. அதை மட்டும் நெனச்சுக்க."

"நான் எதிர்த்து ஒண்ணும் சொல்லல, நீங்க சொன்னா சரி" என்றது பாம்புத்தாரா. காத்தாயியும் தலையை ஆட்டினாள்.

மறுநாள் மடு அசையவில்லை. கொக்குகள் கரையில் வரிசையாக நின்று வெறும் தண்ணீரைப் பார்த்தன. வெயில் ஏறியது. கூட்டில் இரண்டு குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. மூன்றாவது கத்துவதை நிறுத்தியிருந்தது. காத்தாயி உப்பங்கழிப் பக்கம் பார்த்தாள். சடையனைக் காணோம். மறுபடி குஞ்சைப் பார்த்தாள். கழுத்து துவண்டிருந்தது. உச்சிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று சூரியனைப் பார்த்தாள். பிறகு எதையும் பார்க்காமல் மடுவில் பாய்ந்தாள்.

ஒரு கெண்டையைக் கவ்விக்கொண்டு எழுந்தபோது கரையில் மடையான் நின்றது. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மீனைக் காலடியில் போட்டுவிட்டு, காத்தாயி தானாகவே இரண்டு சிறகையும் அகல விரித்தாள்.

"பாத்துக்கங்க. ஒளிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. இந்த ஒரு தடவைதான்."

மடையான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தது. "சுத்தமா இருக்கு. போ" என்றது. காத்தாயிக்கு உயிர் வந்தது. கெண்டையோடு கூட்டுக்குப் பறந்தாள். குஞ்சு பிழைத்துக்கொண்டது.

அவள் பறந்ததுமே கரையிலிருந்தவர்கள் பாம்புத்தாராவைச் சூழ்ந்துகொண்டார்கள். "அவளே விரிச்சுட்டா. உனக்கு மட்டும் என்ன?" பாம்புத்தாரா நீண்ட கழுத்தை வளைத்து நாலு பக்கமும் பார்த்தது. துணைக்கு ஆள் இல்லை. விரித்தது.

உச்சி வெயிலில் சடையன் வாயில் இரண்டு மடவையோடு வந்து சேர்ந்தான். இரண்டு பறவையும் சிறகை விரித்த கதையைக் கேட்டான். மீனைக் கருவேல மரத்தடியில் போட்டான். அண்ணாந்து பார்த்தான். காத்தாயி கூட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன் முறை சடையா" என்றார் தலைவர்.

"என் உடம்பைத் தொட விடமாட்டேன். நான் தின்னது என்னன்னு தெரியணுமா? போற வழியில கரை மேட்டுல கழிச்சுட்டுப் போறேன். கிளறிப் பாருங்க. நண்டு ஓடு இருக்கும், கெளுத்தி முள்ளு இருக்கும். விரால் குஞ்சு இருந்தா வந்து சொல்லுங்க."

சொன்னபடியே செய்தான். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு உப்பங்கழியோரமாக நடந்துவிட்டான். இன்றைக்கும் நீர்நாய்க் கூட்டம் ஓரிடத்தில் தங்காமல் திரிவதும், எல்லோரும் பார்க்கும்படி கரை மேட்டிலேயே கழிப்பதும் அதனால்தான். ஆனால் அன்று யாரும் கிளறிப் பார்க்கவில்லை. "ஓடிப்போனவன்தான் தின்னவன்" என்று சபை முடித்துக்கொண்டது.

அப்படியானால் சோதனை நின்றிருக்க வேண்டும். அடுத்த நாள் காத்தாயி முங்கி எழுந்து நேராகக் கூட்டுக்குக் கிளம்பியபோது மடையான் குறுக்கே வந்தது. "நேத்து காட்டினே. இன்னிக்கு ஏன் காட்டல?" அவள் மீனைக் கீழே வைத்துவிட்டுச் சிறகை விரித்தாள். நேற்று காட்டாமல் இருந்திருந்தால் இன்று ஏதாவது சொல்லியிருப்பாள்.

விரால் குஞ்சு இன்னும் குறைந்துகொண்டேயிருந்தது. அந்த நாளில் நீர்க்காகத்தின் சிறகும் வாத்துச் சிறகுபோல எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது, தண்ணீர் ஒட்டாது. சிறகு நனையாமல் இருந்தால் இறகுக்கு நடுவே குஞ்சை ஒளிக்கலாமே என்று யாரோ கிளப்பினார்கள். இனி முங்கிப் பறவை வாலடியில் சுரக்கும் எண்ணெயை இறகுக்குத் தடவக் கூடாது என்றார் தலைவர். காத்தாயி சரி என்றாள். நான்கே நாளில் சிறகு ஊறிக் கனத்தது. முங்கி எழுந்ததும் பறக்க முடியாமல் கரையில் நிற்க வேண்டியதாயிற்று. "தண்ணி சொட்டுறப்பவே ஒழுங்கா பாத்துடலாம்" என்று மடையானுக்கு வசதியாகப் போயிற்று.

ஒரு காலை அவள் கீழ்க்கோடிப் பக்கமாக முங்கி நீந்தும்போது தலைக்குமேல் நிழல் விழுந்தது. அகலமான பை ஒன்று வலைபோலத் தண்ணீருக்குள் இறங்கிக் கோரையை உரசிக்கொண்டு போயிற்று. போன வழியெல்லாம் சிவப்பு இல்லை.

மூச்சு முட்ட மேலே வந்தாள். கரையேறிச் சிறகை விரித்தாள். அன்று பார்த்துச் சோதனைக்குத் தலைவரே வந்து நின்றார். நீண்ட அலகால் அவள் இறகை ஒவ்வொன்றாக விலக்கினார். அலகின் நுனிக் கொக்கியில் ஒரு விரால் குஞ்சு, சிவப்பாக, இன்னும் துடித்துக்கொண்டு ஒட்டியிருந்தது. அவள் கண்ணுக்கு ஒரு விரல் தூரம். அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். கருவேல மரத்தை ஒருமுறை நிமிர்ந்து நோக்கினார்.

"புள்ளைங்க நல்லா வளருதா காத்தாயி?"

"வளருதுங்க தலைவரே."

"சுத்தமா இருக்கு. நாளைக்கும் இப்படியே வா."

"சரிங்க."

மார்கழிக் கடைசியில், யாரும் எதிர்பாராமல், மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. மடு உடைந்து சதுப்பு முழுக்கத் தண்ணீர் பரவியது. நாரை நத்தைக்கும் நரி நண்டுக்கும் தாழைக்கோழி கிழங்குக்கும் அவரவர் இடம் பார்த்துப் போய்விட்டன. தலைவர் வேறு ஏரிக்குப் பறந்துவிட்டார். சபை பிறகு கூடவே இல்லை. சோதனை முடிந்தது என்று சொல்ல ஒருவரும் மிச்சமில்லை.

மூன்று குஞ்சுகளும் முதல்முறையாகத் தண்ணீரில் இறங்கின. காத்தாயி மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவை முங்கின, ஆளுக்கொரு பொடி மீனோடு எழுந்தன, தத்தித் தத்திக் கரையேறின. கரையில் மடையான் இல்லை, யாருமே இல்லை. மூன்றும் வரிசையாக நின்று, சின்னச் சிறகுகளை எட்டும்வரை விரித்து, யாராவது வந்து பார்ப்பார்கள் என்று காத்திருந்தன. போதும், மடக்குங்கள் என்று சொல்லக் காத்தாயி வாயைத் திறந்தாள். யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அந்த மழையிலிருந்துதான் நீர்க்காகம் ஒவ்வொரு முறை முங்கி எழும்போதும், யாரும் கேட்காமலேயே, இரண்டு சிறகையும் விரித்துக் காட்டிக்கொண்டு கரையில் நிற்கிறது.