பத்து மணி நிழல்

தஞ்சாவூரில் வெண்ணாற்றங்கரைப் பக்கம் ஒரு சின்ன மடம் இருந்தது. அதை நடத்தியவர் ஆறுமுகநயினார். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். காவி வேட்டி, கறுப்புத் தாடி. வயது நாற்பத்தொன்று. இந்த ஊருக்கு வந்து எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

அவரிடம் பாடம் கேட்டவர்களில் மூத்தவர் ஆபத்சகாயம். ஐம்பத்தெட்டு வயது. மேலவீதியில் பிறந்தவர். பெரிய கோயிலுக்கு வருகிறவர்களை அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டுவது அவருக்கு முப்பது வருஷத் தொழில். சிஷ்யர் குருவை ஐயா என்பார். குரு சிஷ்யரை அண்ணாச்சி என்பார். அதில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

ஒரு சித்திரை மாதம், ஆபத்சகாயம் மூன்று நாள் கோயில் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மாலை மடத்துக்கு வந்தார். தொழிலை விட்டுவிட்டதாகச் சொன்னார். ஊரையும் விட்டு, திருப்பூரில் மகன் வீட்டோடு இருந்துவிடப்போவதாகச் சொன்னார்.

என்ன நடந்தது என்று குரு கேட்டார்.

ஈரோட்டிலிருந்து பள்ளி ஆசிரியர்கள் இருபது பேர் வந்திருந்தார்களாம். வழக்கம்போல நந்தியிடம் ஆரம்பித்தார். நந்தி வளர்ந்துகொண்டே போனதையும், முதுகில் ஆணி அடித்து நிறுத்தியதையும் சொன்னார். பிறகு தெற்குப் பக்கமாகக் கூட்டிப்போய், பெரிய கோபுரத்துக்குப் பின்னால், கருவூரார் சன்னதி அருகே நிறுத்தினார். அங்கேதான் அந்த வாக்கியத்தைச் சொல்வது. இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது. அவருடைய அப்பா அவருக்குச் சொன்னது அது. தாத்தா அப்பாவுக்குச் சொன்னது.

கண்ணாடி போட்ட ஒரு டீச்சர் கையைத் தூக்கினார்.

"ஏனுங்கண்ணா, நிழலே விழாதுன்னா, இப்ப நாம நிக்கிறது எதுலீங்க?"

ஆபத்சகாயம் குனிந்து பார்த்தார். இருபது பேரும் கோபுரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவரும்தான்.

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. அந்த டீச்சர் கெட்டவர் இல்லை. சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டார். பிறகு கோயில் எந்த வருஷம் கட்டி முடிந்தது, கோபுரம் எத்தனை அடி என்பதையெல்லாம் போனைப் பார்த்து மற்றவர்களுக்கு வாசித்தார். ஆபத்சகாயம் சொன்ன வருஷத்துக்கும் அதற்கும் இடையே பெரிய வித்தியாசம். கூட்டத்தில் ஒருவர், கைடு எதுக்குன்னு நான் அப்பவே கேட்டேனே என்று பக்கத்திலிருப்பவரிடம் சொன்னது இவர் காதில் விழுந்தது.

"வெளியூர்க்காரங்க படிச்சுட்டு வர்றாங்க ஐயா. அண்ணாந்து பார்க்கிறாங்க. அசந்து நிக்கிறாங்க. நான் அது காலடியிலேயே பிறந்து வளர்ந்து, நிழல் விழறதைக்கூடப் பார்க்கலை. அந்தக் கோயிலைப் பத்தி ஊர்க்காரனுக்கு என்ன தெரியும்?"

குரு, "நாளைக்குக் காலையில எனக்குச் சுத்திக் காட்டுங்க அண்ணாச்சி. நான் சாயங்காலம்தான் போயிருக்கேன்" என்றார்.

"சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லையே ஐயா."

"சொல்ல வேண்டாம். கூட நடந்தாப் போதும்."

மறுநாள் இருவரும் வாசலில் செருப்பை விட்டு உள்ளே போனபோது மணி பத்தை நெருங்கியிருந்தது. வெயில் ஏறிவிட்டது.

ராஜராஜன் வாசலைத் தாண்டியதுமே குருவின் தலை அண்ணாந்துவிட்டது. எட்டு வருஷத்தில் ஒருநாளும் அது மாறியதில்லை என்றார். பக்கத்தில் மலையே இல்லாத ஊரில் இத்தனை கல்லைக் கொண்டுவந்து அடுக்கினானே என்றார். ஆட வந்த பெண்களின் பெயரைக்கூடக் கல்லில் வெட்டி வைத்தானே என்றார். கழுத்து வலிக்கிறவரை பார்த்தார்.

ஆபத்சகாயம் அவர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

உங்களுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று குரு கேட்டார். சொல்லும்படி ஒன்றுமில்லை என்றுதான் ஆபத்சகாயம் ஆரம்பித்தார். அதோ அந்தத் திருச்சுற்று மண்டபத்தில் மூன்றாவது தூண். வீட்டில் ஃபேன் கிடையாது, பத்தாம் வகுப்புக்கு அதில் சாய்ந்துதான் படித்தார். கணக்கில் மட்டும் போய்விட்டது, மறுபடியும் அதே தூணில் சாய்ந்து படித்து எழுதினார். பெண் பார்க்கக் கோயிலுக்கே வரச்சொல்லியிருந்தார்கள். அம்மன் சன்னதிப் படியில் மாம்பழக் கலர்ப் புடவையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்காவது கோபுரத்தைப் பார்த்தீங்களா?"

"அன்னைக்கா?" ஆபத்சகாயத்துக்கு மூன்று நாளில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. "தஞ்சாவூர்க்காரன் அண்ணாந்து பார்த்தா மழை வருமான்னு பார்க்கிறான்னு அர்த்தம் ஐயா."

தெற்குப் பக்கம் திரும்பினார்கள். குரு மேலே பார்த்தபடியே நேராக நடந்தார். நாலு அடி வைத்திருப்பார். ஐந்தாவது அடி வைக்க முடியவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கினார். திரும்பிப் போகவும் வழி தெரியவில்லை.

ஆபத்சகாயம் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். சுவரோரமாக ஒரு முழ அகலத்துக்கு நிழல் இருந்தது. "இதுல வாங்க. ஒட்டி வாங்க. அந்தக் கல்லு வேண்டாம், அது கருங்கல்லு, இன்னும் சுடும். இங்க ஒரு எட்டு. அவ்வளவுதான்." குருவைக் கூட்டிக்கொண்டு கோபுரத்தின் பின்பக்கம் வந்து, ஓர் இடத்தில் நிறுத்தினார். தரை குளிர்ந்திருந்தது.

குரு உள்ளங்காலைத் தடவிக்கொண்டார்.

"இங்க நிப்பாட்டணும்னு யார் சொல்லிக்கொடுத்தது அண்ணாச்சி?"

"சொல்லிக்கொடுக்க என்ன இருக்கு ஐயா. பத்து மணிக்கு இங்கதான் கால் ஊன்ற முடியும்."

"ஒன்பது மணிக்கு வந்தா?"

"இன்னும் பின்னால தள்ளிப் போகலாம். குடும்பத்தோட உட்காரலாம்."

"பதினொண்ணரைக்கு?"

"நிக்கவே கூடாது. திருச்சுற்றுக்குள்ள போயிடணும்."

"மார்கழியில?"

"மார்கழியில யாராவது இங்க நிப்பாங்களா? விறைச்சுப்போயிடும். தெற்குச் சுவரோரம் இதமா வெயில் விழும். வயசானவங்களை அங்க உட்கார வெச்சிருவேன்."

ஒரு கேள்விக்கும் அவர் யோசிக்கவில்லை. தலையைத் தூக்கவும் இல்லை. அப்புறம்தான் எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. அவர் முகம் மறுபடி விழுந்தது.

"இது நிழல்னு எனக்குத் தோணினதே இல்லை ஐயா. இது ஒரு இடம், அவ்வளவுதான்."

குரு தலையசைத்தார்.

"முப்பது வருஷமா நிழல் விழாதுன்னு சொன்னேன். எத்தனை ஆயிரம் பேர்கிட்ட."

"முப்பது வருஷமும் நிழல்ல நிப்பாட்டித்தானே அண்ணாச்சி சொன்னீங்க?"

ஆபத்சகாயம் கீழே, கால்களைச் சுற்றிக் கிடந்த நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தெற்கு மூலையிலிருந்து ஒரு குடும்பம் துள்ளித் துள்ளி ஓடிவந்தது. கணவன், மனைவி, கணவனின் தாயார். நிழலுக்குள் வந்ததும் மூன்று பேரும் மூச்சு விட்டார்கள். தாயார் இதற்கு மேல் ஒரு அடி எடுத்துவைக்க மாட்டேன் என்றார். சுப்பிரமணியர் சன்னதியைப் பார்க்காமல் போகவும் மாட்டேன் என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

மருமகள் சுற்றிலும் பார்த்தாள். காவியும் தாடியும் கண்ணில் பட்டன.

"சாமி, சுப்பிரமணியர் சன்னதிக்குப் போகணும். தரையில கால் வைக்க முடியலை. எப்படிப் போறதுங்க?"

"நான் வெளியூரும்மா" என்றார் குரு. "ஊர்க்காரர் அவர். அவர் பின்னாடி போங்க."