ஜோடி கிடைக்காத பிள்ளை

"டீச்சர், அந்தப் பிள்ளையை நாடகத்திலிருந்து எடுத்துடறேன்."

தாமோதரன் இப்படிச் சொல்லிக்கொண்டேதான் ரெஜினா டீச்சரின் வகுப்பறைக்குள் வந்தார்.

இங்கே குருவுக்கு முப்பத்துநாலு வயசு, சிஷ்யருக்கு ஐம்பத்தேழு. வயசைப் பார்த்தா வித்தை வருகிறது? தாமோதரன் இருபது வருஷம் நாடக மேடையில் கர்ஜித்தவர். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித்தரப் போன முதல் நாளே தொண்டை வறண்டுபோனது. பக்கத்துப் பள்ளியில் பத்து வருஷமாக அதே வேலையைச் செய்யும் ரெஜினா டீச்சரிடம் வந்து, "எனக்குக் கத்துக்கொடுங்க" என்றார். வெட்கப்படாமல் கேட்டார். அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன்.

"எந்தப் பிள்ளை?"

"மாரீஸ்வரி. ஆறு வாரமா வாயே திறக்கல. ஆண்டு விழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கு. ஹெட்மாஸ்டர் நாளைக்குப் பேர்ப் பட்டியல் கேக்கிறார்."

"என்ன விளையாட்டு வைக்கிறீங்க?"

"நீங்க சொன்ன கண்ணாடி விளையாட்டுதான். ரெண்டு ரெண்டு பேரா எதிரெதிரே நிக்கணும். ஒருத்தர் செய்றதை மத்தவர் அப்படியே செய்யணும்."

"அவ யாரோட ஜோடி?"

"வகுப்பில முப்பத்தொரு பேர் டீச்சர். ஒருத்தர் மிஞ்சத்தானே செய்யணும்? எப்பவும் அவதான் மிஞ்சுறா. ஓரமா நின்னு பாருன்னு சொல்லிடுவேன்."

ரெஜினா டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"முப்பத்தொண்ணு இல்ல, முப்பத்திரண்டு. சரியா எண்ணிட்டு அப்புறமா பேரை எடுங்க."

அவ்வளவுதான். அடுத்த நோட்டை எடுத்துக்கொண்டார்.

தாமோதரனுக்குக் கோபம். யாரிடம் போய்க் கொட்டுவது? மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். மகன் இருப்பது வெளிநாட்டில். இந்த ஊரில் அவரை 'சாப்பிட்டீங்களா' என்று கேட்கக்கூட நாதியில்லை.

மறுநாள் வருகைப் பதிவேட்டை இரண்டு தடவை எண்ணினார். முப்பத்தொண்ணு. வகுப்பில் தலைகளை எண்ணினார். அதே முப்பத்தொண்ணு.

"டீச்சருக்குக் கணக்கே வராது போல" என்று முணுமுணுத்தார்.

"ஜோடி சேருங்க!"

கூடம் ஒரு நிமிஷம் சந்தைக்கடையாகி அடங்கியது. பதினைந்து ஜோடிகள் எதிரெதிரே நின்றன.

ஜன்னலோரம் மாரீஸ்வரி தனியாக நின்றாள்.

இந்தப் பக்கம் அவர் தனியாக நின்றார்.

அட மடையா, என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கூடத்தைக் கடந்து அவள் முன்னால் போய் நின்றார்.

"நீ செய்யும்மா. நான்தான் உனக்குக் கண்ணாடி."

அவள் அசையவில்லை. அவரும் அசையவில்லை. "ஏலே, சாரு சிலையாயிட்டாருல!" என்று பின்னால் ஒருவன் சிரித்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவள் தரையில் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். முட்டி வலித்தது.

இல்லாத டிபன் டப்பாவைத் திறந்தாள். அவரும் திறந்தார்.

ஒரு வாய் எடுத்தாள். வாசலைப் பார்த்தாள். சாப்பிடாமலே டப்பாவில் போட்டாள். அவரும் போட்டார்.

இல்லாத சட்டைப்பையிலிருந்து இல்லாத போனை எடுத்தாள். பார்த்தாள். வைத்தாள். திரும்பவும் எடுத்தாள், பார்த்தாள், வைத்தாள். ஒரு பெருமூச்சு விட்டு டப்பாவை மூடினாள்.

அவர் கை தன் சட்டைப்பையில் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே நிஜமான போன் இருந்தது.

இருபது வருஷ மேடையில் இப்படி ஒரு நடிப்பை அவர் பார்த்ததில்லை. தினமும் மத்தியானம் கூடத்துக்குப் பின்னால் இருக்கிற படியில் உட்கார்ந்து அவர் செய்வதுதான் அது. ஒரு ஈ காக்காகூடப் பார்க்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தார்!



"நீ... நீ எங்கேருந்தும்மா பார்த்தே?"

மாரீஸ்வரி முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"நானும் அந்தப் படியிலதான் சார் சாப்பிடுவேன். தூணுக்கு அந்தப் பக்கம். தினமும்."