பங்குனியில் பிறந்த புது வருசம்

"அம்மா, சித்திரை பிறக்கப் போகுது. வர்ற வருசமாவது தொழிலும் நல்லா அமையணும், வீடும் சரியாகணும். அதுக்கு நான் எப்படித் தயாராகணும்?"

ஆவுடையப்பன் இப்படிக் கேட்டபோது, செண்பகம் அம்மா மடத்து முற்றத்தில் ஈரச் சேலையைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தார்.

பொதிகை மலை அடிவாரத்தில் அவர் நடத்தும் சின்ன மடம் அது. ஆவுடையப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் அவர் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். அம்மா அவரை 'அண்ணாச்சி' என்பார்.

"இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கீங்க, அண்ணாச்சி?"

ஆவுடையப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பேக்கரியில் மாஸ்டராக விறகு அடுப்பின் முன்னால் நின்றவர் அவர். போன வருசம்தான் அந்த வேலையை விட்டிருந்தார்.

"அம்பாசமுத்திரத்துல கடை பிடிச்சாச்சும்மா. புது கரண்ட் ஓவன் வந்தாச்சு. கண்ணாடி அலமாரி வெச்சாச்சு. போர்டு எழுதி, துணி போட்டு மூடி வெச்சிருக்கேன்."

"எப்ப திறந்தீங்க?"

"இன்னும் இல்லைம்மா. ஆவணியில திறக்க நினைச்சேன், அலமாரி வரலை. தையில நினைச்சேன், கேக் வகையெல்லாம் இன்னும் கொஞ்சம் கத்துக்கிடலாம்னு தோணிச்சு. சித்திரை ஒண்ணுன்னா ஒரு குறையும் இருக்காது."

"சரி. வீடு?"

ஆவுடையப்பனின் குரல் இறங்கியது.

"என் வீட்டுக்காரி கோமதி அவ தங்கச்சி வீட்டுல இருக்கா. கல்லிடைக்குறிச்சியில. 'கடையை இன்னும் எத்தனை நாள் மூடியே வெச்சிருப்பிய?'ன்னு கேட்டா. நான், 'உனக்கு என்ன தெரியும்?'னு கத்திட்டேன். அன்னைக்கே கிளம்பிப் போயிட்டா. பேசி ரெண்டு மாசம் ஆகுது."

"கூப்பிடலையா?"

"சித்திரை ஒண்ணாம் தேதி காலையில கூப்பிடப் போறேன். என்ன பேசணும்னு தினமும் மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டு இருக்கேன். நல்லா வந்திருக்கும்மா. சொல்லட்டுமா?"

"வேண்டாம்," என்றார் செண்பகம் அம்மா.

சேலையின் கடைசி மடிப்பை இழுத்துவிட்டார். சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"சுடலைமணி அண்ணே! பாயசம் வையுங்க. புது வருசம் பிறந்தாச்சு."

சமையல்காரர் சுடலைமணி கரண்டியோடு வெளியே வந்தார்.

"என்னைக்கும்மா?"

"இன்னைக்கு."

"இன்னைக்குப் பங்குனியில்லா?"

அம்மா வாசலைக் காட்டினார். அங்கே வேம்பு பூத்துக் கிடந்தது.

சுடலைமணி மரத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "அப்ப பச்சடியும் வெச்சிருதேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அம்மாவே போய் மணியை அடித்தார். மடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள்.

"புது வருச வாழ்த்து!" என்றார் அம்மா.

ஒரு கணம் எல்லோரும் விழித்தார்கள். பிறகு யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஆளாளுக்கு வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வயதான ஒருவர் ஆவுடையப்பனைக் கட்டிப் பிடித்து, "நல்லா இருக்கணும்ப்பா!" என்றார்.

"அம்மா, பஞ்சாங்கத்துல..." என்று இழுத்தார் ஆவுடையப்பன்.

"அண்ணாச்சி, பாயசம் இருக்கு, பச்சடி இருக்கு. பன் இல்லை. சாயங்காலம் எல்லாருக்கும் பன் வேணும்."

"என் கடை இன்னும்..."

"வேற யார்கிட்ட கேட்பேன்?"

ஆவுடையப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் பஸ் பிடித்து அம்பாசமுத்திரம் வந்தார். ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே போனார். மாவு இருந்தது. ஈஸ்ட் பழசாகிப்போயிருந்தது. ஓடிப்போய்ப் புதுசு வாங்கி வந்தார்.

மாவில் கை வைத்ததும் அவருக்கு உடம்பே லேசானது. எத்தனை மாதம் ஆகிவிட்டது! பிசைந்தார். பொங்க விட்டார். உருட்டித் தட்டில் அடுக்கினார். புது ஓவனை முதல் முறையாகப் போட்டார்.

முதல் தட்டு வெளியே வந்தது.

இடது பக்கத்துப் பன்னெல்லாம் கரி. வலது பக்கத்துப் பன்னெல்லாம் பச்சை மாவு.

விறகு அடுப்பு என்றால் முகத்தில் அடிக்கிற சூட்டை வைத்தே சொல்லிவிடுவார். இந்த இரும்புப் பெட்டி அவரிடம் எதுவுமே சொல்லவில்லை.

வீட்டில் சின்ன கரண்ட் ஓவனில் பன் சுட்டுப் பழகியவள் கோமதி.

மாவு ஒட்டிய விரலாலேயே போனை அழுத்தினார்.

"கோமதி."



இரண்டு மாதமாகச் சொல்லிப் பார்த்த பேச்சில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

"இடது பக்கம் கருகுது, கோமதி. வலது பக்கம் வேகவே மாட்டேங்குது. என்ன செய்யட்டும்?"

"எது?"

"பன்."

"எங்க சுடுதிய?"

"நம்ம கடையில."



"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான் புது வருசமாம். அம்மா மணியடிச்சுச் சொல்லிட்டாங்க."

கோமதி சிரித்தாளா அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"பாதி வெந்ததும் தட்டைத் திருப்பி வையுங்க. சூட்டைக் கொஞ்சம் குறைங்க. நான் வாரேன்."

"கோமதி, அன்னைக்கு நான் உன்னைய..."

"அதைப் பிறகு பேசலாம். முதல்ல தட்டைத் திருப்புங்க!"

திருப்பினார்.

அடுத்த தட்டு பொன்னிறமாக வந்தது. வாசம் ஷட்டருக்கு அடியில் நுழைந்து தெருவுக்குப் போனது.

எதிர்ப் பக்கம் நின்றிருந்த டவுன் பஸ்ஸின் டிரைவர் இறங்கி வந்து குனிந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு பன் குடுங்க."

"கடை இன்னும் திறக்கலைங்க."

"ஷட்டர் தூக்கித்தானே இருக்கு?"

ஆவுடையப்பன் ஷட்டரைப் பார்த்தார். பிறகு அதை முழுதாக மேலே தள்ளினார். அது பெரிய சத்தத்தோடு ஏறியது. தெருவே திரும்பிப் பார்த்தது.

டிரைவர் பன்னைப் பிய்த்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். திரும்பி பஸ்ஸைப் பார்த்து, "நல்லா இருக்குடே, இறங்கி வா!" என்று கண்டக்டரைக் கூப்பிட்டார். கண்டக்டரோடு பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கி வந்தார்கள்.

கோமதி வந்து சேர்ந்தபோது கடை வாசலில் கூட்டம் நின்றது. உள்ளே அவள் புருசன் தலையெல்லாம் மாவாக, யாருக்கு என்ன கொடுத்தோம் என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓவன் பக்கம் போனாள்.

"மடத்துக்குத் தனியா எடுத்து வெச்சாச்சா?"

"இல்லையே!"

"எல்லாத்தையும் வித்துருவியளோ? நகருங்க."

அப்படி நின்றே இருவரும் பேசிக்கொண்டார்கள், இடையிடையே, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில். அவர் மன்னிப்புக் கேட்டார். "நானும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்," என்றாள் அவள். அதற்குள் ஓவன் மணி அடித்தது, அடுத்த தட்டை எடுக்க வேண்டியிருந்தது.

போர்டை மூடியிருந்த துணியை யார் இழுத்தார்கள் என்று தெரியவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு மடத்துக்குக் கிளம்பும்போதுதான் அது கீழே கிடப்பதைப் பார்த்தார்கள்.

மடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. பாயசமும் பச்சடியும் வைத்தாயிற்று. கோமதி ஒவ்வொரு இலையிலும் சூடு ஆறாத பன்னை வைத்துக்கொண்டே வந்தாள். சுடலைமணி ஒன்றைப் பாயசத்தில் முக்கித் தின்றுவிட்டு, "இப்படியும் தின்னலாம் போல!" என்றார். அதன்பிறகு எல்லோரும் அப்படியே தின்றார்கள்.

செண்பகம் அம்மாவின் இலையில் இரண்டு பன் வைத்தாள் கோமதி. அம்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் எதிரில் வந்து நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. ஆனாலும் ஒரு யோசனை அவரை விடவில்லை.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க, அண்ணாச்சி."

"சித்திரை ஒண்ணு இனிமேதானே வருது? அன்னைக்கு நாங்க என்ன செய்யணும்?"

அம்மாவின் வாய் நிறையப் பன் இருந்தது. மென்று விழுங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அன்னைக்குக் கடைக்கு லீவு விட்டுட்டு, ரெண்டு பேரும் அருவிக்குப் போயிட்டு வாங்க."