விறகு உபயம்

முதலில் அவளைக் கடைசிப் பந்திக்குத் தள்ளினார்கள். அடுத்து, இலை கிடையாது, வீட்டிலிருந்து தட்டு கொண்டு வா என்றார்கள். பிறகு அந்தத் தட்டோடு வாசலுக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். கடைசியாக, ரைஸ்மில் முதலாளி சபாரத்தினம் எல்லோர் காதிலும் விழும்படி, "ஓசிச் சோறு" என்றார். அவள் தட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள்.

இவ்வளவும் நடந்தது மடத்தில். குரு யாத்திரை போயிருந்தபோது.

திரும்பி வந்த குருவிடம் சீடர் நமசிவாயம் எல்லாவற்றையும் சொன்னார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். குருவைவிட வயதில் மூத்தவர்.

"அது என்ன சொல், ஓசி?" என்று குரு கேட்டார்.

"இங்கிலீஷ் எழுத்து இரண்டு, சுவாமி. கம்பெனிக்காரன் காலத்தில், கம்பெனி காரியம் என்று அந்த முத்திரை குத்திய கடிதத்துக்குத் தபால் கூலி கிடையாது என்பார்கள். அதிலிருந்து இலவசத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டதாம்."

"முத்திரை குத்தியதும் கடிதம் தானே நடந்து போனதா?"

"இல்லை. மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்து ஓடுவார்கள்."

"ஓடியவர் பேர்?"

"அதையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள், சுவாமி."

"நம் அடுப்புக்குத் தினமும் மலையிலிருந்து விறகு சுமந்து வந்து போட்டாளே, அவள் பேர்?"

மடத்தில் எல்லோரும் அவளை 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கேட்டு வாரும்" என்றார் குரு.

கீழத்தெருவில் அவள் முள் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க பேர் என்னம்மா?"

"எதுக்கு? போலீசுல எழுதிக் குடுக்கவா?"

"பந்தியில வாசிக்க."

"வாசிச்சா வயிறு நெறஞ்சிருமா?"

"நெறையாது. நீங்க வந்து உக்காரணும்னு சாமி சொன்னாரு."

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். "எங்க உக்காரணும்?"

"முதல் பந்தியில."

அவள் பேரைச் சொன்னாள்.

சோறு பரிமாறியதும் அன்றைய உபயதாரர் பேரை வாசிப்பது மடத்து வழக்கம். வாசித்த பிறகுதான் கை வைப்பார்கள். மறுநாள் முதல் பந்தியில் அவளுக்கும் இலை விழுந்தது. சபாரத்தினம் துண்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"விறகு உபயம்..." என்று நமசிவாயம் தொடங்கினார்.

"சாமி, அரிசி என்னோடது" என்றார் சபாரத்தினம்.

"பச்சை அரிசியாகவே ஒரு பிடி தின்று காட்டுங்கள். உங்கள் பேரை முதலில் வாசிக்கச் சொல்கிறேன்."

பந்தியில் யாரோ சிரித்தார்கள். சபாரத்தினம் இலையைப் பார்த்தார்.

"வாசியும்" என்றார் குரு.

நமசிவாயம் கடைசி இலை வரை கேட்கும்படி வாசித்தார்:

"கீழத்தெரு இருளாயி அம்மாள்."