வாலை நறுக்கினாலும் வகுபடாத எண்ணு

ஒரு ஊர்ல ஒரு ராஜா. அவருக்கு எதைப் பாத்தாலும் சமமா பங்கு போடணும். ம் சொல்லுட்டி. ஆங்... அப்போ ஒரு நாள் டம் டம் டம்முனு தண்டோரா போட்டாரு. "நான் பங்கு போட முடியாத எண்ணைக் கொண்டு வாங்க, கேட்டதைத் தாரேன்! பங்கு போட்டுட்டேன்னா வருசம் பூரா என் யானையைத் தேய்க்கணும்!" ஒண்ணொண்ணா பிரிக்கிறது பங்குல சேராது. மொத்தத்தையும் ஒரே கூறா வைக்கிறதும் சேராது.

இசக்கிமுத்துன்னு ஒருத்தன் நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போயி, "தொண்ணூத்தொண்ணு!"ன்னான். ராஜா கண்ணைக்கூட சிமிட்டல. "ஏழு கூறு, கூறுக்குப் பதிமூணு!" அப்புறமென்ன, சரட்டு சரட்டுனு யானையைத் தேய்ச்சான். அது புஸ்ஸுன்னு அவன் மேலேயே தண்ணியைப் பீச்சும். பாவம், ஓயாத தும்மல்.

அவன் தங்கச்சி செண்பகவடிவுக்கு மனசு கேக்கல. ஆறு மாசம் வீட்டுச் சுவரு பூரா கரிக்கட்டையால வகுத்து வகுத்துப் பாத்தா. அப்புறம் ஒரு வாழையிலையில சுண்ணாம்பால எழுதி எடுத்துக்கிட்டு அரண்மனைக்குப் போனா. எவ்வளவு தெரியுமா? மூச்சைப் பிடிச்சுக்கோ. ஏழு கோடியே முப்பத்தொம்போது லட்சத்து முப்பத்தொம்போதாயிரத்து நூத்தி முப்பத்து மூணு!

ராஜா ரெண்டால வகுத்தாரு, மிச்சம். மூணால வகுத்தாரு, மிச்சம். மூணு நாளா சோறு இறங்கல. எதால வகுத்தாலும் மிச்சம்!

"வாலு நீளமா இருக்கு, கடைசி மூணை நறுக்குலே!"ன்னாரு. சேவகன் இலையை நறுக்! மறுபடி வகுத்தாங்க. அப்பவும் மிச்சம்!

அப்போ ராஜாவுக்கு வந்துச்சே கோவம்! தானே கத்தியைப் பிடுங்கி, நறுக்! வகுத்தாரு. நறுக்! வகுத்தாரு. நறுக், நறுக், நறுக், நறுக்! செண்பகவடிவு முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு குலுங்குறா. அழுறான்னு எல்லாரும் உச்சுக் கொட்டுறாங்க. கடைசியா ஒத்தை ஏழுதான் மிஞ்சிச்சு. அதுவும் வகுபடல!

அவ குபீர்னு சிரிச்சுட்டா. "ராஜாவே, நான் ஏழுலதான் ஆரம்பிச்சேன். அதுக்கு மூணுன்னு ஒரு வாலு ஒட்டினேன், எழுபத்து மூணு, வகுபடல. ஒம்போதை ஒட்டினேன், அதுவும் வகுபடல. இப்படியே ஒண்ணொண்ணா பாத்துப் பாத்து ஒட்டினது. எங்க நறுக்கினாலும் உங்களுக்கு மிச்சந்தான்! எங்க அண்ணனை விடுங்க."

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

இசக்கிமுத்து தும்மிக்கிட்டே வந்து தங்கச்சியைத் தூக்கி ஒரு சுத்து சுத்தினான். ராஜா மெதுவா கேட்டாரு, "தாயி, இன்னும் ஒரு வாலு ஒட்டலாமா?"

"சைபர்லருந்து ஒம்போது வரைக்கும் ஒட்டிப் பாத்துட்டேன். எல்லாம் வகுபட்டுருது."

ராஜா நம்பல. கிரீடத்தைக் கழட்டி வச்சுட்டு, தரையில சம்மணம் போட்டு, கரிக்கட்டையை எடுத்தாரு. மூக்கெல்லாம் கரி. கொஞ்ச நேரத்துல அரண்மனையே அதிருற மாதிரி ஒரு சத்தம்: "ஐயையோ, இதுவும் வகுபட்டுருச்சே!"

அம்புட்டுத்தான். கதை கரையேறிருச்சு, நீ கண்ணை மூடுட்டி.