செல்லக்கிளி காட்டிய சாட்சி

சுடுகாட்டில் பிணம் எரிக்கும் செல்லக்கிளியின் குடிசையைக் காலி செய்யச் சொல்லி வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் மாசிலாமணி கோர்ட்டில் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ரொம்ப காலமா அங்கேயே இருக்கியா? அப்போ நீ எரிச்ச பிணத்துல ஒண்ணைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வா."

"வந்திருக்காருங்க."

"யாரு?"

"நீங்கதான். பட்டணத்து வக்கீல் மாசிலாமணி. போன ஐப்பசியில சொந்த ஊருன்னு இங்கே கொண்டாந்தாங்க. மழையில நனைஞ்சுக்கிட்டே நான்தான் எரிச்சேன். முகம் மட்டும் மாறியிருக்கு."

வக்கீலின் கால் தரையில் படுகிறதா என்று எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நீதிபதியும் எட்டிப் பார்த்தார்.

வக்கீல் நீதிபதியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, செத்தது நானில்லை! நான் அவரோட குமாஸ்தா. அவர் விட்டுட்டுப் போன கேஸையெல்லாம் அவர் பேர்ல நடத்துறேன், அவ்வளவுதான்!"

போலி வக்கீலை அங்கேயே பிடித்தார்கள். குடிசையை அதன்பின் யாரும் கேட்கவில்லை.