சுவர்க் கடிகாரத்தோடு இறங்கியவள்

"நாற்பத்தொரு நாவல் படிச்சாச்சு. அது இல்லை," என்றார் கனகசபை.

பியூலா ஒரு புத்தகத்தின் முதுகில் எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எது இல்லை சார்?"

"நான் தேடறது."

"அப்ப நாற்பத்திரண்டாவதை எடுத்துக்கோங்க."

கனகசபைக்குச் சுருக்கென்றது. குடையை மேசை மீது வைத்தார். பனியில் நனைந்த குடை. வைக்கக் கூடாதுதான். வைத்தார்.

குன்னூரில் அது ஒரு சின்ன கிளை நூலகம். தகரக் கூரை. நூலகர் பியூலாவுக்கு நாற்பது வயதிருக்கும். கனகசபைக்கு அறுபத்தெட்டு. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட அன்றுதான் முதன்முதலில் அங்கே வந்தார். உறுப்பினர் படிவத்தை நிரப்பினார்.

"ஒரு பொம்பளை மழையில பஸ்ஸை விட்டு இறங்குவா. கையில சுவர்க் கடிகாரம். அந்த நாவல் வேணும்."

"தலைப்பு?"

"தெரியாது."

"எழுதினவர்?"

"தெரிஞ்சா கேட்பேனா?"

பியூலா படிவத்தில் இருந்த முகவரியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். எழுந்து போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்து முன்னால் வைத்தாள்.

"இதுவா?" என்றார்.

"படிச்சுப் பாருங்க."

அவ்வளவுதான். அன்று ஆரம்பித்தது. மழை முடிந்து, மார்கழிப் பனி வந்து, இப்போது தையும் பிறந்தாகிவிட்டது.

அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டார்.

"பொய் சொல்றேன்னு நினைச்சா பாருங்க."

பியூலா பசையை மூடிவிட்டு நோட்டைத் திறந்தாள். ஒரு புத்தகத்துக்கு ஒரு பத்தி. அதற்கு மேல் இல்லை. உரக்கப் படித்தாள்.

"'கொலை. கொன்றவன் டாக்டர். பத்தாம் பக்கத்தில் தெரிந்துவிட்டது. கடிகாரம் இல்லை.'"

"ஆமா."

"'காதல். இருவரும் சேர்ந்தார்கள். இழுவை.'"

"ஆமா."

"'கடல். மீன்காரர்கள். நல்ல காரம். கடிகாரம் உண்டு, ஆனால் கைக்கடிகாரம்.' 'அரசர் கதை. மூன்று பாகம். குதிரைகள் ஏராளம். பஸ் இருக்க வழியில்லை. படித்தேன்.'"

இங்கே நிமிர்ந்தாள்.

"பஸ் இருக்காதுன்னு தெரிஞ்சும் மூணு பாகமா?"

"வீட்டுல வேற என்ன வேலை?"

அவள் பக்கம் புரட்டினாள்.

"'வடக்கத்திக் கதை, மொழிபெயர்ப்பு. பனி. ஒரு பெரிய குடும்பம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். பொறாமை.'"

கனகசபை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"'பேய்க்கதை. மாடியில் யாரோ நடக்கும் சத்தம். புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் வீட்டிலும் கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்கவில்லை.'"

"போதும்," என்றார்.

அவள் நோட்டை மூடினாள். பிளாஸ்கைத் திறந்து இரண்டு கண்ணாடி டம்ளரில் டீ ஊற்றினாள். ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கனகசபை எடுத்தார். சர்ரென்று ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கில் ஒரு சுழற்று. எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே இருந்த ரோஜாத் தொட்டியில் துப்பினார்.

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. கேத்திப் பக்கத்து இலை. மழைக்கு முன்னாடி பறிச்சது."

"அப்ப ஏன் துப்பினீங்க?"

அவர் டம்ளரைப் பார்த்தார்.

"பழக்கம்."

தொழில் அப்படி. தேயிலை ஏலக் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் ருசி பார்த்தவர். வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். உறிஞ்சு, துப்பு, ஒரு வரி எழுது, அடுத்த கிண்ணம். விழுங்கக் கூடாது. விழுங்கினால் நூறாவது கிண்ணத்தில் நாக்கு செத்துப்போகும். எந்த எஸ்டேட், எந்தச் சரிவு என்று வாயில் வைத்ததும் சொல்லிவிடுவார். ஊரில் அவர் நாக்குக்கு அப்படி ஒரு பெயர்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பிறகு, யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் சொன்னார்.

"அது என் வீட்டுக்காரி சொன்ன கதை."

பியூலா தன் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சுலோசனா. புரட்டாசியில போயிட்டா."

"சொல்லுங்க."

"சொல்ல என்ன இருக்கு? வியாழக்கிழமை வியாழக்கிழமை அவளுக்கு ஒரு கதை சொல்லணும். அந்த வாரம் படிச்சது. நான் சாப்பிட உட்கார்ந்தா ஆரம்பிப்பா. 'ம் கொட்டுங்க, அப்பத்தான் கதை நகரும்'னுவா."

"கொட்டுவீங்களா?"

"நாள் பூரா முந்நூறு கிண்ணம் துப்பிட்டு வந்தவன் நான். ரிட்டயர் ஆனப்புறமும் அதே புத்திதான். 'முடிவை மட்டும் சொல்லு'ன்னுடுவேன்."

"சொல்லுவாங்களா?"

"மாட்டா. அதோட நிறுத்திட்டு தட்டை எடுத்துக்கிட்டுப் போயிடுவா."

கடைசி வியாழக்கிழமை கடிகாரக்காரி கதை. அதையும் அப்படித்தான் நிறுத்தினார். அடுத்த செவ்வாய்க்கிழமை சுலோசனா படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பொம்பளை எங்க போனா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும். தூக்கம் வரும்."

பியூலா இழுப்பறையைத் திறந்தாள். பழைய அட்டை ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நூலக உறுப்பினர் அட்டை. சுலோசனா, கணவர் பெயர் கனகசபை, அதே முகவரி. புத்தகம் எடுத்த தேதிகள் நெருக்கி நெருக்கி இறங்கி வந்து ஒரு இடத்தில் நின்றன. அதற்குக் கீழே வெறும் கோடுகள்.

"இது மூணு வருஷத்துக்கு முந்தின தேதி," என்றார் கனகசபை.

"ஆமா சார். அதுதான் அவங்க கடைசியா எடுத்த புத்தகம்."

"தப்பு. சனிக்கிழமை தவறாம இங்க வந்தா. சாயங்காலம் மடியில புத்தகம் வெச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்பா. பழுப்பு அட்டை போட்டு."

"ஒரே புத்தகம்தான் சார், மூணு வருஷமா. பழைய பஞ்சாங்கம். அதுக்கு அட்டை போட்டுக் கொடுத்ததே நான்தான்."

அவருக்குப் புரியவில்லை.

"அவங்களுக்குச் சர்க்கரை வியாதி கண்ணுக்கு வந்துடுச்சு. ஆள் நிழலாத் தெரியும். எழுத்து தெரியாது."

"என்கிட்ட சொல்லலையே!"

"நீங்க கேட்டா சொல்லலாம்னு இருந்தாங்க."

கனகசபை தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுலோசனா மேசையைத் தடவித்தான் டம்ளரை எடுப்பாள். பார்த்திருக்கிறார். வயசாச்சு என்று நினைத்தார். ஒருநாள் அவர் சட்டையில் பொத்தானை மாற்றித் தைத்திருந்தாள். அதற்கு அவளைத் திட்டினார்.

"அப்ப அந்தக் கதையெல்லாம்?"

"அவங்களே கட்டினது. நாற்பத்தொண்ணு இல்லை, நாலாயிரம் படிச்சாலும் கிடைக்காது."

"தெரிஞ்சுக்கிட்டேதான் மூணு மாசம் என்னை அலைய விட்டியா?" ஒருமையில் வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள், பொருட்படுத்தவில்லை.

"நாவல் கேட்டீங்க. கொடுத்தேன். இன்னிக்குத்தான் அவங்க பேரைச் சொல்றீங்க."

தகரக் கூரையில் பனி உருகிச் சொட்டியது. வாசகர் யாரும் இல்லை. அந்த ஊரில் காலைப் பனியில் யார் புத்தகம் எடுக்க வருவார்கள்?

பியூலாவே சொன்னாள்.

"வியாழக்கிழமை வீட்டுல நீங்க எந்த இடத்துல வெட்டுவீங்களோ, சனிக்கிழமை இங்க வந்து அந்த இடத்துலேருந்து சொல்லுவாங்க. இதே நாற்காலியில உட்கார்ந்து."

"முடிவு வரைக்கும்?"

"முடிவு வரைக்கும்."

"கடிகாரக் கதை?"

"அதுவும்தான். கடைசி சனிக்கிழமை. சொல்லிட்டு ஒரு டீ குடிச்சிட்டுப் போனாங்க."

கனகசபை எழுந்துவிட்டார். மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"முடிவைச் சொல்லும்மா."

"முடியாது சார்."

"ஏம்மா?"

"எனக்கு ஆரம்பம் தெரியாது."

அவர் நின்றபடியே இருந்தார்.

"ஒரு கதைக்கும் தெரியாது. மூணு வருஷமா எல்லாமே பாதியிலேருந்துதான். யாரு, எந்த ஊரு, ஏன் அழறா, ஒண்ணும் விளங்காது. ஆரம்பத்தையும் சொல்லுங்கக்கான்னு எத்தனை தரம் கெஞ்சியிருக்கேன் தெரியுமா?"

"என்ன சொன்னா?"

"'அது அவருக்குச் சொன்னது'ன்னுடுவாங்க."

கனகசபை உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்லக் கூடாது. நாற்காலி இருந்ததால் கீழே விழவில்லை.

டம்ளரில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. எடுத்து ஒரு வாய் குடித்தார். உள்ளே இறங்கியது.

"ஒரு பொம்பளை பஸ்ஸை விட்டு இறங்கறா. கையில கடிகாரம்," என்றார். நிறுத்திவிட்டார்.

பியூலா அவருடைய நோட்டை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினாள். நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்து வந்து அவர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் இன்னொரு வாய் குடித்தார்.

"சாயங்கால மழை. மலையேறி வர்ற பஸ். சுவர்க் கடிகாரத்தை மடியில வெச்சிருக்கா. கண்டக்டர் கேட்கறான், 'ஏம்மா, அதுக்கும் டிக்கெட் எடுத்தியா'ன்னு. பஸ்ஸே சிரிக்குது. அவ சிரிக்கலை."

சொல்லும்போதே அவர் முகம் மாறியது. இதெல்லாம் தன்னிடம் இருப்பது அவருக்கே தெரியாது.

"இறங்கினதும் கடிகாரத்தை முந்தானையால மூடிக்கறா. நனையக் கூடாதுன்னு. உள்ள அது ஓடிக்கிட்டிருக்கு. வயித்துல அதிருது. அந்த ஊர்ல அவளுக்கு ஒரே ஒரு வீடுதான் தெரியும். மேட்டு மேல நீலக் கதவு. ஏறிப் போறா. கதவுக்கு முன்னாடி நிக்கறா. கையைத் தூக்கறா..."

அந்த இடத்தில்தான் அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கதையை வெட்டியது. சுலோசனா ஒரு கணம் அவர் முகம் இருக்கும் திசையைப் பார்த்தபடி இருந்தாள்.

கனகசபை நிமிர்ந்து பார்த்தார்.

"ம்," என்றாள் பியூலா.